ஓட்டிஸின் பெட்டிக்கு நான் வைத்த அரக்கு

சென்னையில் மதுவிலக்கு வந்துவிட்டதாம். அங்கே போகிற கப்பல்களில் சாராய அலமாரிக்கு முத்திரை போடுவது பற்றிப் பழைய ஆள் ஒருவர் எழுதினால் நன்றாக இருக்கும் என்று எங்கள் ஆபீஸ் பிள்ளைகள் இரண்டு பேர் வீடு தேடி வந்து கேட்டார்கள். சங்கத்து மலரில் போடுவார்களாம். நாலு பக்கம் வேண்டும் என்றார்கள். முத்திரை போடுவதைப் பற்றி நாலு வரிக்கு மேல் எழுத என்ன இருக்கிறது? ஆனால் மதுவிலக்கு என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு ஒரே ஒரு ஆள்தான் ஞாபகம் வருகிறார். அவர் கதையை எழுதிவிடுகிறேன். நான் செய்தது சரியா தப்பா என்று படிக்கிறவர்களாவது சொல்லட்டும். எனக்கு இத்தனை வருஷமாக விளங்கவில்லை.

ரங்கூன் ஆற்றங்கரையில் இருந்த எங்கள் சுங்க ஆபீஸில் நான் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. அப்பா துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற வேலையில் இருந்தார். மிஷன் பள்ளிக்கூடத்துப் பாதிரியார் ஒரு கடிதம் கொடுத்தார். இரண்டு வருஷம் நகல் எழுதினேன். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறது, குடிப்பழக்கம் இல்லை என்ற இரண்டே தகுதிகளுக்காக, கப்பல்களைச் சோதிக்கிற பெல்லமி துரை என்னைத் தன்னுடைய முத்திரைக் குமாஸ்தாவாக எடுத்துக்கொண்டார். படித்ததும் பயின்றதும் அவ்வளவுதான்.

பெல்லமி துரை ஒல்லியான மனிதர். வயிற்றுக் கோளாறு. பார்லித் தண்ணீர்தான் குடிப்பார். குடிக்காத ஒருவரைச் சாராயத்துக்குக் காவல் வைத்தார்களே என்று எல்லாரும் சிரிப்பார்கள். கப்பலில் ஏறினால் முதலில் பூட்ஸின் அடியைத் துடைத்துக்கொள்வார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு காப்டன் அறைக்குள் போய் உட்கார்ந்து, "மொத்தம் எத்தனை பாட்டில்?" என்று கேட்பார். காப்டன் ஒரு கணக்குச் சொல்வார். துரை எழுதமாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். மாட்டிக்கொண்டு மறுபடியும் அதே குரலில் அதே கேள்வியைக் கேட்பார். மூன்றாவது தடவை கேட்கும்போது கணக்கு ஏறியிருக்கும். துரை கண்ணாடி துடைக்கத் துடைக்கக் கப்பலில் பாட்டில் குட்டி போடும் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். ஒருவரையும் அவர் பொய்யர் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

கணக்கு முடிந்ததும் என் வேலை. வரி கட்டாத சாராயம் கரைக்கு இறங்கிவிடாமல் இருக்க, பாட்டில்களையெல்லாம் ஒரே அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும். பூட்டின் மேல் குறுக்கே நாடா. நாடாவின் முடிச்சில் அரக்கை உருக்கி ஊற்றிப் பித்தளை அச்சை அழுத்திக்கொண்டு இருபது வரை எண்ண வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் அரக்கு அச்சோடு வந்துவிடும். கப்பல் துறைமுகத்தில் நிற்கிற வரைக்கும் அந்த முத்திரையில் யாரும் கை வைக்கக் கூடாது. சரக்கேற்றிக் கிளம்பி, ஆற்று முகத்துவாரத்தில் வழிகாட்டி வந்த பைலட் இறங்கிப் படகேறியதும், காப்டனே உடைத்துக்கொள்ளலாம். இதைக் கப்பல்காரன் எவனுக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை. உலகத்தில் எந்தத் துறைமுகத்திலும் இதுதான் வழக்கம், பைலட் முதுகு திரும்பியதும் பாட்டில் திறக்கிற சத்தம் கரைக்கே கேட்கும் என்பார்கள்.

துரை எனக்கு இரண்டு கட்டளை போட்டிருந்தார். கண்ணால் கண்டதை எழுது. கையில் ஒரு பாட்டிலோடு கப்பலை விட்டு இறங்காதே. எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் ஒரு காலிப் பாட்டிலை, வீட்டில் எண்ணெய் ஊற்றி வைக்க ஆகும் என்று எடுத்து வந்து, வேலையை இழந்தார். பனை மரத்தடியில் பால் குடித்தாலும் கள் என்பார்கள் அல்லவா, அந்தக் கதைதான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த எங்கள் பிழைப்பில் அமெரிக்கக் கப்பல்கள் வந்து குழப்பத்தை உண்டாக்கின. அந்த நாட்டில் சாராயம் காய்ச்சுவது, விற்பது, கொண்டுவருவது எல்லாம் குற்றம் என்று சட்டம் போட்டிருந்தார்கள். நாங்கள் பார்த்த அவர்கள் கப்பல்களிலும் சாராயம் கிடையாது. முதல் அமெரிக்கக் கப்பலில் துரை மூன்று தடவை கண்ணாடி துடைத்தார். காப்டன் மூன்று தடவையும் ஒன்றுமில்லை என்றார். அடித்தட்டு வரைக்கும் தேடினோம். உண்மையாகவே ஒன்றுமில்லை. படகில் திரும்பி வரும்போது, "சூசை, பொய் சொல்லாத காப்டனைப் பார்த்தால் எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை" என்றார் துரை. எனக்கும் தெரியவில்லை. இந்தப் பக்கம் எங்கள் சர்க்கார் கள்ளுக்கடையை ஏலம் விட்டுக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கம் ஒரு சர்க்கார் அதே வேலைக்கு ஆளைச் சிறையில் போடுகிறது. இரண்டுமே வெள்ளைக்கார சர்க்கார்கள்தான். இரண்டில் எதற்குப் புத்தி சரியில்லை என்று யாரைக் கேட்பது?

அந்தச் சமயத்தில்தான் ஓட்டிஸ் எங்கள் தெருவுக்குக் குடிவந்தார். ஆற்றங்கரைப் பக்கத்துப் பெரிய ஹோட்டல் ஒன்றில் மாலை நேரத் தேநீர் நடனத்துக்கு வாசிக்க அமெரிக்காவிலிருந்து ஐந்து வாத்தியக்காரர்களைத் தருவித்திருந்தார்கள். ஐந்து பேரும் கறுப்பர்கள். அவர்கள் வாசித்தால் ஆடலாம், ஆனால் அதே ஹோட்டலில் அவர்களுக்குப் படுக்க அறை கிடையாது. நாலு பேர் மாலுமிகள் விடுதியில் தங்கினார்கள். ஓட்டிஸ் மட்டும் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பர்மாக்கார அம்மாள் டாவ் மியாவிடம் மாடி அறையை எடுத்துக்கொண்டார். ஆள் உயரத்துக்கு ஒரு வயலின் உண்டே, நின்றுகொண்டே வாசிப்பார்கள், அதுதான் அவருடைய வாத்தியம். அதை வைக்க அதைவிடப் பெரிய மரப்பெட்டி. டாவ் மியா வீட்டு மாடிப்படியில் அந்தப் பெட்டியை ஏற்ற நாங்கள் நாலு பேர் கை கொடுத்தோம். பிரேதப் பெட்டி என்று நினைத்து டாவ் மியா முதலில் விடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பூசை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் பக்கத்து மாடியிலிருந்து அந்தச் சத்தம் வரும். சத்தம் என்றா சொல்வது? காதில் விழுவதற்கு முன்னால் பலகையில் வைத்த உள்ளங்காலுக்குத் தெரியும். தெருவுக்குப் பின்னால் ரயில் போகும்போது அவர் நிறுத்தமாட்டார், ரயிலோடு சேர்ந்து வாசிப்பார். எனக்குச் சங்கீதம் தெரியாது. கோயில் கீர்த்தனையே தாளம் தப்பிப் பாடுகிறவன். ஆனால் அதைக் கேட்டால் எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கும், எதையோ தொலைத்துவிட்டது போலவும் இருக்கும்.

வாசித்து முடித்ததும் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். அமெரிக்கா பற்றிச் சொல்வார். நாவிதர் கடைக்குக் கீழே நிலவறையில் சாராயக் கடையாம். கதவில் ஒரு சின்னப் பலகை, அதைத் திறந்து முகம் பார்த்துத்தான் உள்ளே விடுவார்களாம். சீமாட்டிகள் தேநீர்க் கோப்பையில் சாராயம் குடிப்பார்களாம். அந்த வட்டாரத்துப் போலீஸ்காரர் முன்வாசல் வழியாக வந்து பிடிப்பதற்கு முன்னால் பின்வாசல் வழியாக வந்து குடித்துவிட்டுப் போவாராம். சட்டம் வருவதற்கு முன்னால் தெருவுக்கு இரண்டு கடை, வந்த பிறகு ஐந்து கடையாம். என் மனைவி ஞானத்துக்கு நான் தமிழில் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "அந்த ஊரு சட்டம் இங்க வந்துச்சுன்னா நம்ம தெருவுல நாம ரெண்டு பேரும் டாவ் மியாவும் மட்டும்தான் ஜெயிலுக்கு வெளியில இருப்போம்" என்றாள். ஓட்டிஸுக்கு அதை மொழிபெயர்த்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

ஒரு நாள்தான் அவர் தன் கதையைச் சொன்னார். வாசித்துக்கொண்டிருந்த நிலவறைக் கடைக்காரன் அவர் பெட்டியில் பாட்டில்களை வைத்து ஊர் முழுவதும் அனுப்பியிருக்கிறான். பிடிபட்டார். ஆறு மாதம் சிறை. இன்னொரு தடவை உன் பெட்டியில் பாட்டில் இருந்தால் மாதக்கணக்கு இல்லை, வருஷக்கணக்கு என்று நீதிபதி சொல்லி அனுப்பினாராம். அதனால்தான் ஊரை விட்டுக் கப்பலேறினார். அவர் கிளம்பும்போது மனைவி கர்ப்பம். பிறந்த பெண் குழந்தையின் படம் ஒன்று வைத்திருந்தார். நெற்றியில் சுருட்டை முடி விழுந்த குழந்தை. அந்தக் குழந்தையை அவர் இன்னும் பார்க்கவில்லை.

"மிஸ்டர் சூசை, இனிமேல் என் பெட்டிக்குள் வாத்தியத்தைத் தவிர வேறு ஒன்றும் போகாது" என்றார். சட்டம் அனுமதிக்கிற ரங்கூனில்கூட அவர் ஒரு சொட்டுக் குடித்து நான் பார்த்ததில்லை.

ஹோட்டல் ஒப்பந்தம் முடிந்தது. மற்ற நாலு பேரும் ஷாங்காய்க்குப் போனார்கள். ஓட்டிஸ் ஊருக்குத் திரும்ப ஒரு அமெரிக்கச் சரக்குக் கப்பலில் இடம் பிடித்தார். ஞானம் கருவாட்டுத் தொக்கு ஒரு ஜாடி கட்டிக் கொடுத்தாள். டாவ் மியா அழுதார்.

கப்பல் கிளம்புவதற்கு முதல் நாள் மறுபடியும் ஒரு தடவை சோதிப்பது வழக்கம்; அன்று காலையில் பெல்லமி துரைக்குக் காய்ச்சல். அமெரிக்கக் கப்பல்தானே, ஒன்றும் இருக்காது, நீயே போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வா என்று என்னை அனுப்பினார். கப்பல் பட்லர் கூடவே வந்தார். நரைத்த தலை, நல்ல மனிதர். ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டினார். ஓட்டிஸ் அறைக்கு வந்ததும் அவருக்கும் எனக்கும் சிரிப்பு. பட்லர் அடுத்த அறைச் சாவியை எடுத்து வரப் போனார். நீங்களும் பார்க்க வேண்டும் அல்லவா என்று ஓட்டிஸே பெட்டியைத் திறந்தார்.

வாத்தியத்தின் கழுத்துக்குக் கீழே ஒரு சட்டை சுருட்டி வைத்திருந்தது. அதை எடுத்தேன். உள்ளே ஆறு பாட்டில் ஸ்காட்ச் விஸ்கி.

ஓட்டிஸ் படுக்கையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கூட்டாளிகள் வழியனுப்புப் பரிசாக வைத்திருப்பார்கள், எனக்குத் தெரியாது, கடவுள் சாட்சி என்றார். நம்பினேனா? நம்பினேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தச் சட்டை அவருடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் போட்டுக்கொண்டுதான் எங்கள் வாசலில் உட்காருவார். கூட்டாளிகள் அவர் சட்டையையே எடுத்துச் சுற்றியிருக்கலாம். ஊருக்கு வெறுங்கையோடு போகக் கூசி அவரே வைத்திருக்கவும் செய்யலாம். அன்றைக்கு அந்தக் கேள்வியை நான் மூன்று தடவை கேட்கவில்லை. ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

பாட்டில்களைக் கரைக்கு இறக்க வேண்டுமானால் காப்டன் கையெழுத்து வேண்டும். காப்டனுக்குத் தெரிந்தால் கப்பல் நாட்குறிப்பில் ஏறும், அவர்கள் ஊர்ச் சுங்கக்காரன் அதைத்தான் முதலில் புரட்டுவான். ஆற்றில் எறியலாம் என்றால் சுற்றிலும் சாம்பான் படகுகள், எதிர்க்கரை டாலாவுக்குப் போகிற ஜனங்கள், ஆறு பாட்டில் விழுந்தால் அறுபது கண் பார்க்கும். என் பையில் போட்டு இறங்கினால் என் வேலை போகும். பட்லரின் சாவிக்கொத்துச் சத்தம் நடைவழியில் கேட்க ஆரம்பித்தது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது, மகா புத்திசாலித்தனமாக. சாராயம் கண்டால் முத்திரை போடு, அதுதானே என் தொழில்? பெட்டியை மூடினேன். கொக்கிக்குக் குறுக்கே நாடா கட்டினேன். அரக்கை உருக்கி ஊற்றி அச்சை வைத்தேன். பட்லர் உள்ளே வரும்போது பதினைந்து எண்ணியிருந்தேன். வாத்தியத்துக்கு எதற்கு முத்திரை என்று கேட்டார். ரங்கூன் வழக்கம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

என் கணக்கு இதுதான். நாளை மத்தியானம் முகத்துவாரத்தில் பைலட் இறங்கிவிடுவார். ஓட்டிஸ் முத்திரையை உடைப்பார், பாட்டில்களைக் கடலில் எறிவார், பிறகு வாத்தியத்தை எடுத்து வாசிப்பார். ஒன்றரை நாள் வாசிக்காமல் இருந்தால் என்ன குறைந்துவிடும்? துறைமுகம் தாண்டும் வரைக்கும் வேறு யாரும் திறந்து பார்க்க முடியாது. அவ்வளவுதான்.

"இதை யாரும் தொடக் கூடாது. இனிமேல் உங்களுக்கு ஒன்றும் ஆகாது" என்று அவரிடம் சொன்னேன். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

கண்டதை எழுத வேண்டுமே? ஒரு பெட்டி, முத்திரையிடப்பட்டது என்று என் புத்தகத்தில் எழுதினேன். பெட்டிக்குள் என்ன என்று எழுதவில்லை. பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. காய்ச்சலோடு துரை கையெழுத்துப் போட்டுவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் ஞானத்திடம், நம்ம ஓட்டிஸை ஒரு பெரிய கண்டத்திலிருந்து தப்பவைத்துவிட்டேன் என்று பெருமையடித்துக்கொண்டேன்.

மறு வருஷம் மழை முடிந்து அதே கப்பல் திரும்பி வந்தது. துரை காப்டன் அறைக்குள் இருந்தார். பட்லர் என்னைக் கண்டதும் சமையலறைக்குக் கூட்டிப் போய்க் காப்பி கொடுத்தார். ஓட்டிஸ் சௌக்கியமா என்று கேட்டேன். சொன்னார்.

வழியெல்லாம் மாலுமிகள் வாசிக்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார்கள். ஓட்டிஸ் மறுத்துவிட்டார். ரங்கூன் ஆபீஸர் முத்திரை போட்டிருக்கிறார், யாரும் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றாராம். ஏழு வாரம் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மரத்தின் மேல் விரலால் தட்டிக்கொண்டிருந்தாராம். ஒரு நாள் மட்டும், இதைத் திறந்து ஒரு சாமானைக் கடலில் போட வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது, ஆனால் சர்க்கார் முத்திரையை உடைத்தால் அது வேறு குற்றமாகிவிடாதா என்று பட்லரிடமே கேட்டிருக்கிறார். பட்லர் வேலைக்குச் சேர்ந்ததெல்லாம் சாராயம் நின்ற பிறகு. முத்திரை போட்ட அலமாரியையே அவர் பார்த்ததில்லை. ஆமாம், உடைக்காதே என்று சொல்லியிருக்கிறார்.

"செங்கடல்ல அரக்கு உருக ஆரம்பிச்சது. ஈரத் துணி போட்டுப் போட்டுக் காப்பாத்தினார். ஒரு கீறல் இல்லாம ஊர் வரைக்கும் கொண்டுவந்தார்" என்றார் பட்லர்.

ஊரில் இறங்கியதும் சுங்கக்காரனிடம் ஓட்டிஸே பெட்டியைக் கொண்டுபோய், இது ரங்கூன் சர்க்கார் முத்திரை, நான் தொடவில்லை என்று காட்டினாராம். அங்கே இருந்த கிழவர் ஒருவருக்கு அது சாராய முத்திரை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உடைத்தார்கள். ஐந்து வருஷம். துறைமுகத்துக் கம்பி வேலிக்கு வெளியே அவர் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றாராம். குழந்தைக்கு யாரைப் பார்க்கச் சொல்கிறார்கள் என்றே தெரியவில்லையாம்.

பைலட் இறங்கியதும் உடைக்கலாம் என்று நான் சொல்லவில்லை. மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அது ஒருவருக்குச் சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றியதில்லை. சோறு பிசைந்தால் சாப்பிடலாம் என்று யாராவது சொல்லிக்கொடுப்பார்களா?

துரையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "அந்த நீதிபதிக்கு நாம் எழுதலாம். முத்திரையின் அர்த்தம் இது, உடைக்கலாம் என்று இவனுக்கு யாரும் சொல்லவில்லை என்று எழுதலாம். ஆனால் நீ பாட்டிலைக் கண்டும் எழுதவில்லை என்பதையும் எழுத வேண்டும். உன் வேலை போகும், சூசை" என்றார்.

எனக்கு இரண்டு பிள்ளைகள் அப்போது. வீட்டுக்கு வந்து ஞானத்திடம் கேட்டேன். அவள் உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். "அந்தப் புள்ள அப்பன் மொகத்த பாக்கலையே" என்று மட்டும் சொன்னாள். எழுது என்றாளா, நம் பிள்ளைகளை நினைத்துப் பார் என்றாளா என்று எனக்குப் புரியவில்லை. திருப்பிக் கேட்கத் தைரியமும் இல்லை.

எழுதினேன். மூன்று பக்கம், என் முத்து முத்தான கையெழுத்தில். துரை படித்துவிட்டு, எனக்குக் கீழே தானும் கையெழுத்துப் போட்டார். அதை அவர் போட்டிருக்க வேண்டியதில்லை. பட்லர் கையில் கொடுத்து அனுப்பினோம்.

பதில் வரவில்லை. அந்தக் கப்பலும் அதற்குப் பிறகு ரங்கூனுக்கு வரவில்லை. கடிதம் போய்ச் சேர்ந்ததா, நீதிபதி படித்துக் கிழித்துப் போட்டாரா, பட்லரே கடலில் போட்டுவிட்டாரா, ஒன்றும் தெரியாது. எங்கள் ஆபீஸிலிருந்தும் என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தினமும் காலையில் இன்றைக்கு வேலை போகும் என்று நினைத்துக்கொண்டே போனேன். அப்படியே ஓய்வு பெறும் வயதும் வந்துவிட்டது. சில வருஷம் கழித்து அமெரிக்காவில் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். அப்படியானால் ஓட்டிஸ் எதற்காக உள்ளே இருந்தார்?

ஆபீஸ் பிள்ளைகளே, முத்திரை போடுவது பற்றிக் கேட்டீர்கள். அச்சை அழுத்தி இருபது எண்ணுங்கள். எண்ணி முடித்ததும் எப்போது உடைக்கலாம் என்று பக்கத்தில் நிற்கிறவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். தலை நரைத்த காப்டனாக இருந்தாலும் சொல்லுங்கள். நான் சொன்னபோதெல்லாம் சிரித்தார்கள், உங்களையும் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தப் பெட்டியில் பாட்டிலை வைத்தது யார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அது பத்திரமாக அமெரிக்கா போய்ச் சேரும்படி செய்தது நான்தான்.